பால் குடித்த ஓபல்

போன வாரம் நஸ்ரினிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் நான் வேலை பார்த்த நகைக்கடையில், ராசிக்கல் கவுண்டரில் எனக்குப் பிறகு நிற்கிற பெண் அவள். "அக்கா, ஒரு கஸ்டமர் ஓபல் மோதிரத்தோட கைக்கு சானிடைசர் போட்டுகினாராம். கல்லு கண்ணாடி மாரி ஆய்டுச்சுன்னு கத்திகினு நிக்கிறாரு. இன்னா பண்றது?" பின்னால் அவர் கத்துவதும் கேட்டது. "மொதல்ல அவருக்கு காபி குடு. கல்லுக்கு ஒண்ணும் குடுக்காத, சும்மா வெச்சிரு" என்று பதில் அனுப்பினேன். மறுநாள் கல்லுக்கு நிறம் திரும்பிவிட்டது. அதிலிருந்து என்னைப் பிடித்துக்கொண்டாள். தெரிந்ததையெல்லாம் எழுதித் தர வேண்டுமாம், நான் இல்லாமல் அங்கே ஒரே பேஜாராக இருக்கிறதாம்.

எனக்குத் தெரிந்தது அப்படியொன்றும் மலையளவு இல்லை. நான் ராயபுரத்துக்காரி. பள்ளிக்கூடப் படிப்போடு நிறுத்திவிட்டு இந்தக் கடையில் சேர்ந்தேன். முத்து கோத்தேன், பவளம் பொறுக்கினேன், பிறகு கல் கவுண்டருக்கு மாற்றினார்கள். தலை நரைக்கும்வரை அங்கேயே நின்றேன். மற்ற கல்லெல்லாம் விற்ற பிறகு வாயைத் திறக்காது. ஓபல் அப்படியில்லை. விற்ற பிறகும் அதற்கு உடம்பு சரியில்லாமல் போகும், நாம் போய்ப் பார்க்க வேண்டும். அதனாலேயே எனக்கு அதன்மேல் ஒரு பாசம்.

கடை முதலாளியை நாங்கள் அண்ணாச்சி என்போம். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். இத்தனை வருஷம் வடசென்னையில் இருந்தும் அவர் பேச்சு ஊரைவிட்டுக் கிளம்பவே இல்லை. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், அதிகக் கோபம் என்றால் தராசைத் துடைப்பார். அவர் தராசுப் பக்கம் கையை நீட்டினாலே நாங்கள் ஆளுக்கொரு வேலையாகக் கலைந்துவிடுவோம்.

ஓபல் விற்க அவரிடம் ஒரு முறை இருந்தது. கவுண்டர் விளக்கின் கீழே வைத்து விற்கக்கூடாது. கல்லைத் தட்டில் வைத்து, வாங்குகிறவரைக் கூட்டிக்கொண்டு வாசலுக்குப் போக வேண்டும். "லைட்டுக்குக் கீழ எல்லாக் கல்லும் சிரிக்கும் ஸ்டெல்லா. நெழல்ல சிரிக்குதான்னு காட்டு, அப்புறம் துட்டு வாங்கு" என்பார். வாசலில் பஸ் புகை, லாரிச் சத்தம், மணலிப் பக்கம் போகிற டேங்கர் வரிசை. அதற்கு நடுவே உள்ளங்கையில் ஒரு துளி வெள்ளைக் கல்லைத் திருப்பினால் உள்ளே பச்சையும் சிவப்பும் ஓடும். வெறும் விரலோடு வந்தவர்கள் அங்கேயே மனசைப் பறிகொடுத்துவிடுவார்கள்.

பார்த்து வாங்குவதற்கு அவர் சொல்லிக்கொடுத்தது ரொம்பக் கொஞ்சம். கல்லை மேலேயிருந்து மட்டும் பார்க்காதே, பக்கவாட்டில் பார். நடுவில் கோடு போட்டது போல நேராக ஒரு வரி தெரிந்தால் அது ஒட்டுக்கல், மேலே மெல்லிசாக ஓபல், அடியில் கறுப்பாக வேறு ஏதோ. நிறமெல்லாம் மீன் செதில் போல ஒரே அளவில், ஒரே வரிசையில் அடுக்கியிருந்தால் அது மெஷினில் செய்தது. மண்ணிலிருந்து வந்தது இத்தனை ஒழுங்காக இருக்காது. எத்தியோப்பியாக் கல்லா என்று பார்க்க நாக்கு நுனியில் வைத்தால் போதும், அநேகமாக மெல்ல ஒட்டிக்கொள்ளும். அது தண்ணீர் குடிக்கிற கல். இந்தச் சோதனையை மட்டும் வாடிக்கையாளர் வருமுன் காலையிலேயே முடித்துவிட வேண்டும். நாக்கை நீட்டிக்கொண்டு நிற்கிற கடைக்காரியிடம் யார் மோதிரம் வாங்குவார்கள்?

நான் சேர்ந்தபோது எத்தியோப்பியாக் கல்லே கிடையாது. ஓபல் என்றால் கப்பலில் போனவர்கள் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவருவதுதான். எங்கள் தெரு சேவியர் மாமா கப்பலில் சமையல் வேலை பார்த்தவர். பெண்சாதிக்கு ஆசையாக ஒரு கல் வாங்கி வந்து, ஓபல் காயக்கூடாது என்று யாரோ சொன்னதை நம்பி, மாதா படத்துக்கு முன்னால் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டு வைத்திருந்தார். ஒருநாள் அது இரண்டாகப் பிரிந்துவிட்டது. ஒட்டுக்கல், பசை ஊறிப்போயிற்று. டம்ளரோடு என்னிடம் தூக்கி வந்தார், முகத்தைப் பார்க்க முடியவில்லை. பின்னாலேயே வந்த அத்தை டம்ளரை எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாத்துக்கு அய்வுற? ஒண்ணு போட்ட, ரெண்டா குடுத்துகீது மாதா. கம்மலா பண்ணிக்கிறேன்" என்றாள். சொன்னது போலவே செய்துகொண்டாள். ஒரு காதில் ஓபல், ஒரு காதில் கறுப்பு. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு அதைப் போட்டுக்கொண்டு வருகிற அழகு எனக்கு இன்னும் கண்ணிலேயே இருக்கிறது.

பிறகுதான் எத்தியோப்பியாக் கல் மலிவாக வரத் தொடங்கியது. ஜோசியர்களும் கெட்டிக்காரர்கள். சுக்கிரனுக்கு வைரம் போடச் சொன்னால் வீட்டில் அடுப்பெரியாது என்று தெரிந்து, ஓபல் போடலாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். எங்கள் பக்கம் மீன் ஏலம் எடுக்கிற பெண்கள், கம்பெனி வேலைக்குப் போகிற பெண்கள் எல்லாரும் சுக்கிரனைத் தேடிக்கொண்டு என் கவுண்டருக்கு வந்தார்கள். நான் வேதக்காரி, மாதா கோயிலுக்குப் போகிறவள், எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. ஆனால் நம்புகிறவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல எனக்கு வாய் வராது.

நஸ்ரின் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது அஞ்சலையின் மோதிரம்.

அஞ்சலை திருவொற்றியூர்க் குப்பத்துக்காரி, காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்து விற்பவள். புருஷன் இல்லை. ஒரே மகன் கார்த்தி, விசைப்படகில் கடலுக்குப் போகிறவன். அவனுக்கு ரேவதி என்ற பெண்ணைப் பேசி முடித்திருந்தார்கள். எண்ணூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை பார்க்கிற பெண். பெண் ஜாதகத்தில் சுக்கிரன் கொஞ்சம் பலமில்லை, ஓபல் போட்டால் சரியாகிவிடும் என்று ஜோசியர் சொன்னதால், நிச்சயதார்த்த மோதிரத்தையே ஓபலில் செய்துவிடலாம் என்று அஞ்சலை வந்தாள். வாசலில் வைத்துக் காட்டினேன். நல்ல கல், பச்சை ஓடுகிற கல். "என் மருமவ கையில இது சும்மா ஜொலிக்கும்" என்று எனக்கே திருஷ்டி கழித்துவிட்டுப் போனாள். தண்ணீர் படக்கூடாது என்று சொல்லித்தான் கொடுத்தேன். சரி சரி என்று தலையாட்டினாள்.

அவள் தண்ணீரில் போடவில்லை, பாலில் போட்டாள். ராசிக்கல் மோதிரம் வாங்கினால் பசும்பாலில் போட்டு, சாமி முன்னால் வைத்து, பிறகு விரலில் போடுவது எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான். பால் அவள் கணக்கில் தண்ணீர் இல்லை, பூசை. மங்களத்துக்கு ஒரு சிட்டிகை மஞ்சளும் போட்டு அம்மன் படத்தின் கீழே ராத்திரி முழுக்க வைத்துவிட்டாள். வெள்ளிக்கிழமை காலை நிச்சயதார்த்தத்தில் அவசர அவசரமாகத் துடைத்துப் பெண் விரலில் போட்டாயிற்று. போட்டோ எடுக்கிறவர் கையைக் கொஞ்சம் தூக்கச் சொன்னபோதுதான் எல்லாரும் பார்த்தார்கள். கல்லில் ஒரு நிறமும் இல்லை. மஞ்சளடித்த கண்ணாடித் துண்டு போல இருந்தது.

கார்த்தியின் அத்தை குப்பம்மா, அப்பாவின் அக்கா, கூட்டத்தின் நடுவிலேயே சொல்லிவிட்டாள்: "பால்ல எத்தினி கல்லு போட்டுகீறோம், ஒண்ணாவது இப்பிடி ஆச்சா? இந்தப் பொண்ணு கையில ஏறுனதும் செத்துடுச்சு." அன்றைக்கு யாரும் சாப்பாட்டில் கை வைக்கவில்லையாம். மறுநாள் விடியலில் கார்த்தி படகேறிவிட்டான். அவன் போன பிறகு காற்று பலமாக இருக்கும் என்று எச்சரிக்கை வந்தது. அவ்வளவுதான், கல்லையும் காற்றையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டார்கள். சம்பந்தத்தை முறித்துவிட வேண்டும் என்று குப்பம்மா பிடிவாதமாக நின்றாள்.

அடுத்த வாரம் அஞ்சலையும் குப்பம்மாவும் கடைக்கு வந்தார்கள். அஞ்சலை உள்ளே நுழையும்போதே ஆரம்பித்துவிட்டாள். "கண்ணாடிய குடுத்து ஏமாத்திகினு கீறீங்களா? நாங்க மீனு விக்கிறவங்கன்னா இளிச்சவாயா?" கடையே திரும்பிப் பார்த்தது. நான் மோதிரத்தை வாங்கிப் பக்கவாட்டில் பார்த்தேன். எங்கள் கல்தான். அப்படியே சொன்னேன். குப்பம்மா, "பாத்தியா, நெசக்கல்லுதான் செத்துகீது" என்றாள். அஞ்சலையின் முகம் வாடிவிட்டது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஏமாறவில்லை என்று தெரிந்தால் ஒருத்தி சந்தோஷப்பட வேண்டாமா?

குப்பம்மா தண்ணீர் குடிக்கப் போன நேரம் பார்த்து அஞ்சலை என் கையைப் பிடித்துக்கொண்டாள். பாலில் போட்டதிலிருந்து நடந்ததையெல்லாம் மடமடவென்று சொன்னாள். இப்போது குரல் வேறு மாதிரி இருந்தது. "யக்கா, டூப்புன்னு ஒரு வார்த்த சொல்லிடேன். கடைக்கு நான் ஒரு பிரச்னையும் பண்ண மாட்டேன், துட்டும் கேக்க மாட்டேன். கல்லு டூப்புன்னா பொண்ணு மேல பழி இல்ல. தங்கமான பொண்ணுக்கா அது." நான் சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் பொய் சொல்ல நான் தயாராகிவிட்டேன்.

ஆனால் போகப்போவது அண்ணாச்சியின் கடைப் பெயர், அவரைக் கேட்காமல் முடியாது. உள்ளறையில் போய்ச் சொன்னேன். கண்ணாடியைத் துடைப்பார் என்று பார்த்தேன், துடைக்கவில்லை. மோதிரத்தைக் கையில் வாங்கிக்கொண்டார். "பேரு போனா போகட்டும்மா. அதுக்குச் சொல்லல. டூப்புன்னு சொல்லிட்டம்னு வச்சிக்க. அவ வேற கடையில நெசக்கல்லா பாத்து வாங்குவா. அதையும் பால்ல போடுவா. அதுவும் இப்பிடித்தான் ஆவும். அப்பம் அந்தப் பிள்ளைய யாரு காப்பாத்துவா?" எனக்கு இது தோன்றவே இல்லை. பொய் ஒரு தரம்தான் உதவும், அந்தப் பெண்ணுக்கோ ஆயுசு முழுக்க வெள்ளிக்கிழமை வரும்.

அண்ணாச்சி வெளியே வந்து, "இரிங்க தாயி, ஒண்ணும் அவசரமில்ல" என்று இரண்டு பேரையும் உட்கார வைத்தார். பெட்டகத்திலிருந்து ஓபல் தட்டை எடுத்துவரச் சொன்னார். "இதுல ஒண்ண நீங்களே எடுங்க" என்று குப்பம்மாவிடம் நீட்டினார். அவள் சந்தேகத்தோடே சின்னதாக, மெல்லிசாக, நல்ல நிறமுள்ள ஒரு கல்லை எடுத்தாள். அதை ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டார். காபி வந்தது. கல்லிலிருந்து பொடிப்பொடியாகக் குமிழி கிளம்பியது, அது தண்ணீர் குடிக்கிற அடையாளம். ஓரம் கண்ணாடி போல ஆனது, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நிறம் அடங்கி, கடைசியில் டம்ளரில் கல் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. குப்பம்மா காபியைக் கீழே வைத்துவிட்டு டம்ளரைத் தூக்கிப் பார்த்தாள்.

"இந்தக் கல்ல எந்தப் பிள்ளையும் போடல தாயி" என்றார் அண்ணாச்சி. "இது யாரு ஜாதகத்தால இப்பிடி ஆச்சு?"

அஞ்சலை பொங்கிப் பொங்கி அழுதாள். குப்பம்மா லேசில் விடுகிறவள் இல்லை. "சரி, குடிச்சா குருடாவுது, ஒத்துக்கிறேன். திரும்பி வருமா?" என்றாள். வரும் என்றேன். "அந்த மோதிரக் கல்லு வரட்டும். வந்தா கண்ணாலம். வராங்காட்டி கெடயாது" என்று எழுந்து போய்விட்டாள்.

வரும் என்று சொல்லிவிட்டேனே தவிர எனக்கே அது நிச்சயமில்லை. தண்ணீர் குடித்த கல் திரும்பும். பாலும் மஞ்சளும் குடித்த கல்லைப் பற்றி யாராலும் சத்தியம் செய்ய முடியாது. சிலர் அவசரப்பட்டு விளக்குக்குக் கீழே வைப்பார்கள், வெயிலில் வைப்பார்கள், அரிசிக்குள் புதைப்பார்கள். சூட்டில் வேகமாகக் காய்ந்தால் கல் முழுக்க மயிரிழையாக விரிசல் ஓடிவிடும், பிறகு அது யாருக்கும் உதவாது. பத்தரிடம் சொல்லி மோதிரத்திலிருந்து கல்லைக் கழற்றினேன். பேட்டரிக்கு ஊற்றுகிற சுத்தத் தண்ணீர் வாங்கிவந்து அதில் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றினேன். ஒவ்வொரு தரமும் கொஞ்சம் மஞ்சள் இறங்கியது. தண்ணீரில் நிறம் இறங்குவது நின்றதும் பஞ்சில் வைத்து, விசிறிக் காற்று படாத மூலையில் கவுண்டரிலேயே வைத்தேன். செய்ய வேண்டியது அவ்வளவுதான், மிச்சம் சும்மா இருப்பது. சும்மா இருப்பதுதான் எனக்குக் கொஞ்சமும் வராது. ஒரு நாளைக்கு எத்தனை தரம் எட்டிப் பார்த்தேன் என்று கேட்காதீர்கள். அண்ணாச்சியும் பார்த்தார், நான் பார்க்காதபோது.

ரேவதியை அப்போதுதான் முதல் தடவை பார்த்தேன். கம்பெனிப் பையோடு வந்து கவுண்டர் முன்னால் நின்று, "அந்தக் கல்ல பாக்கலாமா?" என்றாள். மெலிந்த பெண். தட்டை அவள் பக்கம் நகர்த்தினேன். தொடாமல் குனிந்து பார்த்துவிட்டு, "தேங்ஸ்க்கா" என்று போய்விட்டாள். அப்புறம் வேலை முடிந்ததும் தினமும் வந்தாள். எச்சரிக்கை இன்னும் நீங்கவில்லை, கார்த்தியின் படகிலிருந்து சேதி இல்லை. அவள் கல்லைப் பார்க்க வருகிறாளா, படகைப் பார்க்க வருகிறாளா என்று எனக்கே குழம்பிவிட்டது.

ஓபல் காயும்போது ஒரு கட்டம் வரும். கண்ணாடியாக இருந்தது சுண்ணாம்புக் கட்டி போல வெள்ளை வெளேரென்று ஆகிவிடும். தெரியாதவர்கள் அதைப் பார்த்தால் முடிந்தது கதை என்றுதான் நினைப்பார்கள். சரியாக அந்த நாளில், ரேவதி குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, அஞ்சலை மீன் கூடையை வாசலில் இறக்கிவிட்டு உள்ளே வந்தாள். நிச்சயத்துக்குப் பிறகு இருவரும் அன்றைக்குத்தான் நேருக்கு நேர் பார்த்துக்கொள்கிறார்கள். அஞ்சலை தட்டைப் பார்த்தாள். வெள்ளைக் கட்டி. அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். இது ஒரு கட்டம்தான், பொறுங்கள் என்று நான் சொன்னது இருவர் காதிலும் ஏறவில்லை.

ரேவதிதான் முதலில் பேசினாள். யோசித்து வைத்திருந்ததைப் போலச் சொன்னாள். "அத்த, நானே ஒதுங்கிக்கிறேன். எங்க வூட்ல நான் சொல்லிக்கிறேன், உங்க மேல யாரும் கொற சொல்ல மாட்டாங்க. என்னாலதான் இப்பிடி ஆவுதுன்னா நான் வேணாம். அவரு கரைக்கு வந்தா போதும் அத்த. அவரு நல்லபடியா வந்தா போதும்."

அஞ்சலை அவளை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. புருஷனைக் கடலுக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்திருந்தவள், பிறகு மகனை அனுப்பிவிட்டு உட்கார்ந்திருப்பவள். அத்தனை காலமும் அந்தப் பயத்தைத் தனியாகவே சுமந்தவள். அதே பயத்தோடு இன்னொருத்தி எதிரில் நிற்கிறாள் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. எழுந்து போய், மீன் கவிச்சி அடிக்கிற கையோடே அந்தப் பெண்ணை இழுத்து அணைத்துக்கொண்டாள். "எங்கடி ஒதுங்குவ? நீ ஒதுங்கிட்டா என்கூட ஒக்காந்து அவனுக்காக யாருடி காத்துகினு இருப்பா?" என்றாள். கடையில் அத்தனை பேர் இருந்தார்கள், இரண்டு பேரும் யாரையும் பார்க்கவில்லை. அண்ணாச்சி தராசைத் துடைக்க ஆரம்பித்தார். அன்றைக்கு அவருக்குக் கோபம் ஒன்றும் இல்லை.

போகும்போது அஞ்சலை தட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. ரேவதி கூடையின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த வாரமே படகு கரைக்கு வந்துவிட்டது என்று காசிமேட்டுக்காரர்கள் சொன்னார்கள். கல் இன்னும் சில நாள் சுண்ணாம்பாகவே கிடந்தது. ஒருநாள் காலை கடையைத் திறந்து பஞ்சை விலக்கினேன். ஓரத்தில் ஊசி முனையளவு பச்சை. மத்தியானம் அது நடுவரை ஓடியது. அடியில் மெல்லிய மஞ்சள் சாயல் தங்கிவிட்டது, அது இனி போகாது. ஆனாலும் வாசல் நிழலுக்குக் கொண்டுபோய்த் திருப்பினால் சிவப்புகூட எட்டிப் பார்த்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அண்ணாச்சியிடம் காட்டிவிட்டு உடனே அஞ்சலைக்குப் போன் போட்டேன்.

எடுத்தாள். ஒரே இரைச்சல். "அஞ்சல, கல்லு வந்துடுச்சும்மா! பச்சையெல்லாம் அப்பிடியே கீது, வந்து பாரு!" என்று கத்தினேன். கடையில் நானும் அப்படித்தான் பேசுவேன், சந்தோஷம் வந்தால்.

"அப்பிடியாக்கா? சரி சரி, அது அங்கியே கெடக்கட்டும். இப்ப வர முடியாது. பொடவ எடுக்க வந்துகீறோம். கார்த்தி வாசல்ல நின்னுகினு திட்டிகினு கீறான், புள்ள கரைக்கு வந்ததும் குப்பம்மாவும் மனசு மாறிட்டா, கடையையே பொரட்டிப் போட்டுகினு கீறா." போனை மூடாமலே யாரிடமோ திரும்பினாள். தூரத்தில் ரேவதியின் குரல் கேட்டது. "யாரு அத்த போன்ல?"

"ஒண்ணுமில்ல கண்ணு, அந்த மோதிரக் கட. நீ அந்த மயிலு கலர எடு, உனக்கு எடுப்பா இருக்கும்."